மணையில் யார் உட்காருவது

ஒரு வியாழக்கிழமை மாலை, தென்னூரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இருக்கும் சின்ன அறைக்கு நான் தாம்பாளத்தோடு போனேன். வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு பூவன்பழம், ஒரு முழம் மல்லிகை, குங்குமச்சிமிழ், நடுவில் மஞ்சள் தடவிய கிரகப்பிரவேசப் பத்திரிகை. அலுவலகத்திலிருந்து நேரே போனதால் எல்லாவற்றையும் பையில் தனித்தனிப் பொட்டலமாக வைத்திருந்தேன். படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று அடுக்கிக்கொண்டேன். கீழே பல் பிடுங்க வந்திருந்த யாராவது பார்த்திருந்தால் மேலே பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

நான் அழைக்கப் போனது என் தெரபிஸ்டை. ஒன்றரை வருடமாக வாரம் ஒரு நாள், ஐம்பது நிமிடம், அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவரை இப்படி விசேஷத்துக்கு அழைக்கக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். வேண்டியவர்களை நேரில் போய் அழைப்பதுதான் எனக்குத் தெரிந்த மரியாதை. போனில் சொன்னால் ‘போன்லதான் சொன்னா’ என்று பேரன் பேத்தி காலம் வரை சொல்லிக்காட்டுகிற குடும்பம் எங்களுடையது.

குடும்பம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அப்போது குடும்பம் என்று எனக்கு இருந்தது நான் ஒருத்திதான். அப்பா எனக்குப் பத்தொன்பது வயதிலேயே போய்விட்டார். கல்யாணம் அமையவில்லை. அமையவில்லை என்று சொல்வது எங்கள் வழக்கம். ஸ்ரீரங்கத்தில் ஒரு வாடகை வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். கடைசி நான்கு வருடம் அம்மா படுக்கையில். அம்மா போன பிறகு வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். கே.கே. நகரில் ஒரு ஃபிளாட் வாங்கினேன். ஓசூரில் ஓர் அண்ணன் இருக்கிறான், அண்ணி இருக்கிறாள். அவர்களோடு பேச்சு நின்று மூன்று வருடம்.

பத்திரிகை அடித்தவர் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்வரவை விரும்பும்னு போட்டு ஒரே பேருதானா மேடம்? ரெண்டு பக்கமும் காலியா தெரியும்.”

“தெரியட்டும்,” என்றேன்.

அவருக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு பக்கமும் பூ டிசைன் போட்டு நிரப்பிக் கொடுத்தார். ஐம்பது பத்திரிகைகளில் முக்கால்வாசி அலுவலகத்துக்குப் போயின. மிச்சம் புது ஃபிளாட்டில் குடியிருக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கு. ‘நம்ம பக்கத்து ஆள்’ என்று சொல்ல ஒருத்தராவது வேண்டாமா? யோசித்து யோசித்து எனக்குக் கிடைத்தவர், என்னைவிடப் பத்து வயது சின்னவரான, தெரபிஸ்ட்.

அவரிடம் நான் போய்ச் சேர்ந்த கதை அப்படி ஒன்றும் கௌரவமானது இல்லை. அம்மா போன அடுத்த வருடம், ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஒரு காலி சீட். அதன் மேல் ஒரு கைக்குட்டை. யாரோ ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடித்திருக்கிறார்கள். பக்கத்து சீட்டுப் பெண், “ஆள் வருதுங்க,” என்றாள். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. அந்தக் கைக்குட்டையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே வீசிவிட்டேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்பது இன்றுவரை ஞாபகம் இல்லை. கண்டக்டர் வந்து, “அம்மா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டபோதுதான் பஸ் முழுக்க என்னையே பார்ப்பது தெரிந்தது. அந்த சீட்டில் நான் உட்காரவும் இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்.

பிரஷர் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, “யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசுறீங்களா?” என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. நாள் முழுக்க ரயில்வே அலுவலகத்தில் நூறு பேரோடு பேசுகிறேன், இதற்கு மேல் யாரிடம் பேசுவது என்றேன். அவர் ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தார்.

முதல் நாளே எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. மாத்திரை கிடையாது. புத்திமதி கிடையாது. மூச்சுப் பயிற்சி, வீட்டுப்பாடம் எதுவும் கிடையாது. மனதில் எது வருகிறதோ அதைச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் நடந்தது இப்போது எப்படி வந்து வேலை செய்கிறது என்று இருவரும் சேர்ந்து பார்ப்போம் என்றார். பாலம் கடந்து பஸ் பிடித்து வேலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் அசதியோடு வந்து உட்கார்ந்தால், எதிரில் ஒருவர் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். மரியாதைக்கு, “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டேன். சிரித்தார். “உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?” என்றேன்.

“தெரிஞ்சுக்கணும்னு தோணுதாங்க?”

தெரிந்துகொள்ளத் தோன்றாமலா ஒருத்தி கேட்பாள்? இப்படித்தான் எல்லாமே. நான் அம்மாவைப் பற்றிச் சொல்வேன். அண்ணனைப் பற்றி, அண்ணியைப் பற்றி, அலுவலகத்தில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று விலாவாரியாகச் சொல்வேன். எல்லாம் கேட்டுவிட்டு, “இதுல நீங்க எங்க இருந்தீங்க?” என்பார். பக்கத்தில்தான் இருந்தேன், வேறெங்கே இருப்பேன் என்று எரிந்து விழுவேன். ஐம்பதாவது நிமிடம் வந்தால், நான் பாதி வாக்கியத்தில் இருந்தாலும், “நேரம் ஆயிடுச்சுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.” அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் கன்னத்தில் அறைந்தது மாதிரி இருக்கும். ஆனாலும் ஒரு வியாழன்கூட நான் தவறவில்லை. புதன்கிழமையே எந்தப் புடவை கட்டுவது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன். இதை அவரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

இனி தாம்பாளத்துக்கு வருகிறேன். நான் நீட்டினேன். அவர் உடனே கை நீட்டவில்லை. “உட்காருங்க,” என்றார். தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மல்லிகை அறை முழுவதும் மணத்தது.

“என்னைக் கூப்பிடணும்னு நினைச்சிருக்கீங்க. அது எனக்குப் புரியுதுங்க,” என்றார். பிறகு மெதுவாக, “நான் வந்தா, வர்றவங்ககிட்ட என்னை யாருன்னு சொல்லுவீங்க?” என்று கேட்டார்.

“ஃபிரெண்டுன்னு சொல்லிக்கறேன். இல்லைன்னா தூரத்துச் சொந்தம்னு.”

“தூரத்துச் சொந்தம்,” என்று அவர் திரும்பச் சொன்னார். கேலியாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு முகம் சூடாகிவிட்டது. இந்த அறைக்கு நான் வருவது உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஒன்றரை வருடமாக வியாழக்கிழமை மாலையில் எனக்கு ‘பிசியோதெரபி’.

“என்னால வர முடியாதுங்க. நம்ம பேசுறது இந்த அறைக்குள்ள இருந்தாதான் உங்களுக்கு அது உதவும்,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “என்னைக் கூப்பிடுறது, வேற ஒருத்தரைக் கூப்பிடாம இருக்குறதுக்காகவும் இருக்குமோன்னு யோசிக்கிறேன்,” என்றார்.

மிச்சமிருந்த அரை மணி நேரம் வெற்றிலைகளைத் திரும்பத் திரும்ப அடுக்கினேன். முடிந்ததும் தாம்பாளத்தில் இருந்ததையெல்லாம் பையில் கொட்டிக்கொண்டு இறங்கினேன். பழத்தைக் கீழே பல் மருத்துவமனையில் பெருக்குகிற அம்மாவிடம் கொடுத்தேன். பல் வலிக்கு வந்தவர்கள் நடுவில் நின்று வாங்கிக்கொண்டு, அந்த அம்மா, “என்ன விசேஷம்?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லைங்க,” என்றேன்.

அடுத்த வியாழன் போகவில்லை. போன் வரும், ஏன் வரவில்லை என்று கேட்பார் என்று காத்திருந்தேன். வரவில்லை. யாருமே கூப்பிட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்ததுதானே, இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று மாலை ஆறு மணிக்கு வீட்டில் விளக்கு போடாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா கட்டில் கிடந்த இடம் காலியாக இருந்தது. அப்படி ஒரு தனிமையை அம்மா செத்த அன்றுகூட நான் உணரவில்லை. வாய்விட்டு அழுதேன்.

அந்த வாரம்தான் ஐயரைப் பார்க்கப் போனேன், சாமான் பட்டியல் வாங்க. எழுதிக்கொண்டே கேட்டார். “மணையில யாரும்மா உட்காரப் போறா?”

வீடு என்னுடையது, நான்தான் என்றேன்.

“தனியாவா? தம்பதியா உட்காருறதுதான் வழக்கம். அண்ணன், அண்ணி இருக்காங்கல்ல? அவங்க உட்காரட்டும். நீங்க பக்கத்துல நின்னு எல்லாம் எடுத்துக் கொடுங்க. புண்ணியம் உங்களுக்குத்தான் வரும்.”

நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். யோசிக்காமல், தானாக ஆடியது தலை. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எரிச்சல் வந்தது.

மறுவாரம் தென்னூருக்குப் போனேன். போன வாரம் வராததைப் பற்றி அவரே கேட்டார். கோபமாக இருந்தேன் என்றேன். “சொன்னது நல்லதுங்க,” என்றார். பிறகு ஐயர் சொன்னதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, பழைய கதைக்குப் போனேன். அதை அவரிடம் ஏற்கெனவே மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.

அம்மாவின் பதினாறாம் நாள். ஆற்றங்கரை அம்மா மண்டபத்தில் காரியம் முடித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் மாமா வீட்டார் அண்ணனுக்குத் தலையில் துண்டு கட்டுகிற சடங்கு. இனி குடும்பம் உன் பொறுப்பு என்று அர்த்தம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து போன மகனுக்குத் துண்டு. நான்கு வருடம் மலமூத்திரம் எடுத்தவள் சமையலறையில் அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். வா என்று, நீயும் வந்து நில் என்று, என்னை ஒருத்தர் கூப்பிடவில்லை. அன்றோடு அண்ணனிடம் பேச்சை நிறுத்தினேன். இதுதான் என் கதை. சொந்தக்காரர்களிடம், அலுவலகத்தில், மனதுக்குள் எத்தனையோ முறை சொல்லித் தேய்ந்த கதை.

நான்காவது முறை சொல்லும்போது என் வாயிலிருந்து இப்படி வந்தது: “அண்ணன் கூப்பிட்டப்ப எனக்கு வந்த ஆத்திரத்துக்கு...”

நிறுத்தினேன்.

“கூப்பிட்டாருங்களா?” என்றார் அவர்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. சமையலறை, அண்டா, புளி போட்டுத் தேய்த்த கை எல்லாம் அப்படியே வந்தன. கூடத்திலிருந்து என் பேர் கேட்டது. துண்டு கட்டிக்கொள்ளக் குனிவதற்கு முன்னால் அண்ணன் கூப்பிட்டான். இரண்டு முறை கூப்பிட்டான். நான் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். தண்ணீர் அண்டாவில் விழுகிற சத்தத்தில் மூன்றாவது முறை கூப்பிட்டானா என்பது தெரியாது. பிறகு மூடிவிட்டு, யாரும் கூப்பிடவில்லை என்று முடிவு செய்தேன். மூன்று வருடம் அதை நம்பினேன். பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பினேன். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“ஏன் திறந்தேன்?” என்று அவரிடமே கேட்டேன்.

“நீங்க என்ன நினைக்கிறீங்க?”

முதல் முறையாக அந்தக் கேள்வி எனக்கு எரிச்சல் தரவில்லை. போய் நின்றால், பக்கத்தில் நிற்பவளாக நின்றிருப்பேன். போகாவிட்டால் நான்தான் பெரியவள், அவர்கள் எல்லோரும் நன்றிகெட்டவர்கள். அப்பா செத்தபோதும் அப்படித்தான். வேலைக்குப் போகிறேன் என்று நானேதான் சொன்னேன். யாரும் என்னைத் தள்ளவில்லை. பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மாவை விட்டு வர முடியாது என்றதும் நான்தான். அதற்கெல்லாம் யார் மேலேயோ இத்தனை வருடம் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லிவிட்டு அழுதேன். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அன்று நேரம் ஆகிவிட்டது என்று சொல்ல ஐந்து நிமிடம் தாமதித்தார் என்றுதான் நினைக்கிறேன். கடிகாரத்தை நான் பார்க்கவில்லை.

ஐயரிடம் போனில் சொன்னேன், நான்தான் உட்காருவேன் என்று. அவர் கொஞ்சம் முனகினார். பிறகு, “சுருக்கமா ஒரு கணபதி ஹோமம் பண்ணி, பால் காய்ச்சிடலாம். உங்க இஷ்டம்,” என்றார்.

அண்ணனைக் கூப்பிட மூன்று நாள் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு போன் போட்டேன்.

“நான்தான்.”

“ம். சொல்லு.”

வீடு வாங்கியதைச் சொன்னேன். “தெரியும். சொன்னாங்க,” என்றான். யார் சொன்னார்கள் என்று சொல்லவில்லை.

“மணையில நானே உட்காருறேண்ணே. நீயும் அண்ணியும் வந்து பக்கத்துல இருக்கணும். எனக்கு நீ வரணும்.”

எனக்கு நீ வரணும் என்று நான் யாரிடமும் அதற்கு முன் சொன்னதில்லை. அவன் பக்கத்தில் டிவி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. விட்டால் இனிமேல் சொல்ல மாட்டேன் என்று பயந்து, அதையும் சொன்னேன்.

“அம்மா காரியத்தன்னைக்கு நீ என்னைக் கூப்பிட்ட. எனக்குக் கேட்டுச்சுண்ணே.”

“தெரியும்,” என்றான் அண்ணன். “குழாயைத் திறந்தியே. எனக்கும் கேட்டுச்சு.”

மூன்று வருடமாக அவனும் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். மன்னிச்சிரு என்றேன். “சரி, சரி,” என்றான். “பார்க்கிறேன்.”

பார்க்கிறேன் என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு புது வேட்டியும் அண்ணிக்கு ஒரு புடவையும் எடுத்து வைத்தேன்.

கிரகப்பிரவேசத்தன்று காலை ஏழு மணிக்கு மணையில் உட்கார்ந்தேன். தனியாக ஒரு பெண் ஹோமத்துக்கு உட்கார்ந்திருப்பதை வந்தவர்கள் வாசலில் நின்று ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் தலை திரும்பியது. “அம்மா, இங்க பாருங்க. நெய்யை விடுங்க,” என்று ஐயர் இரண்டு முறை அதட்டினார். பால் பொங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். அண்ணன் வரவில்லை.

பத்தரை மணிக்குப் பந்தி முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. என் அலுவலகத்தில் பக்கத்து மேஜையில் இருப்பவர் மட்டும் பாத்திரம் ஒழிக்க உதவி செய்துகொண்டிருந்தார். பதினான்கு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மேஜை. இன்றும் ஒருவரையொருவர் மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம். அவர்தான் கேட்டார்.

“உங்க அண்ணன் வரலீங்களா மேடம்?”

வாயில் தயாராக இருந்தது: கம்பெனியில் ஆடிட், லீவு கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக, “நாங்க பேசிக்கிறது இல்லைங்க. மூணு வருஷம் ஆச்சு. தப்புல பாதி என்னுது. போன வாரம் கூப்பிட்டேன். வரலை,” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. சமையலறைக்குள் போகாமல் அங்கேயே, புதுத் தரையில், வாழையிலைக் கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“எனக்கும் என் தங்கச்சிக்கும் எட்டு வருஷமா பேச்சு இல்லை,” என்றார். “ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. துபாய்ல இருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன். இங்க தில்லைநகர்லதான் இருக்கா.”

துபாய்த் தங்கையை எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவளைப் பற்றி விசாரிப்பேன். அவரும் ஏதாவது சொல்வார்.

“நீங்க கூப்பிட்டீங்களே,” என்றார். “அவர் வரலையே. கூப்பிட்டதுல என்னங்க ஆச்சு?”

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார்.

“வலிக்குதுங்க,” என்றேன். “முன்னாடியும் வலிச்சுது. அப்ப எல்லார் மேலயும் கத்துவேன். இப்ப அண்ணன் வரலைன்னுதான் வலிக்குது.”

அவர் எழுந்து போய் இரண்டு டம்ளரில் மிச்சமிருந்த பாயசத்தை ஊற்றிக்கொண்டு வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டிவிட்டு, “உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடலாமாங்க?” என்று கேட்டார்.